வலது சிலிண்டர் செய்த வம்பு

சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நான் வண்டியில் வந்து இறங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "மாஷே, இன்னுமா இந்த ராஜ்தூதை வைத்திருக்கிறீர்கள்?" கேட்பவர்களில் பாதிப் பேர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தங்கள் வாலிப வயதுக் கதை ஒன்றைச் சொல்லாமல் போவதில்லை. மலரின் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு நண்பர், "வண்டியைப் பற்றியே எழுதுங்களேன்" என்றார். வண்டியின் பெருமையை எழுத எனக்கு விருப்பம் இல்லை. அது என்னை ஒரு முறை முட்டாளாக்கியது; அந்தக் கதையை எழுதுகிறேன். அன்பர்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ராஜ்தூத் என்றதும் பால்காரர்கள் இருபுறமும் கேன் கட்டிக்கொண்டு போவார்களே, அந்த 175 என்று நினைத்துவிட வேண்டாம். இது ராஜ்தூத் 350. ஜப்பானில் யமஹா நிறுவனம் 1973-ல் ஆர்.டி. 350 என்ற பெயரில் கொண்டுவந்த வண்டியை, நம் நாட்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் செய்து விற்றது. எண்பதுகள் முடியும் தறுவாயில் அதைச் செய்வது நின்றுபோனது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்புரேட்டர், தனித்தனி சைலன்சர். பெட்ரோல் மட்டும் கொஞ்சம் தாராளமாகக் குடிக்கும். அதனால்தான் பலரும் விற்றார்கள். அதனால்தான் 1990-ல் ஒரு பள்ளி ஆசிரியனான என் கைக்கும் இது இரண்டாம் கையாக வந்தது.

இந்த வண்டியில் பிளக்கில் பொறி உண்டாகும் முறை மிகப் பழையது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்து, 1910-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் வந்த அதே ஏற்பாடுதான். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலுக்குள் போய், அங்கிருந்து 'பாயிண்ட்' என்று நாம் சொல்லும் ஒரு சிறிய வாய் வழியாக எர்த்துக்குப் போகிறது. வாய் மூடியிருக்கும் வரை காயிலில் மின்சாரம் ஓடுகிறது. வாய் சட்டென்று திறக்கும் நொடியில் அந்த ஓட்டம் அறுந்து, காயிலின் இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பி பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. ஓட்டம் பளிச்சென்று அறுவதற்கும், பாயிண்ட் கருகாமல் இருப்பதற்கும் துணையாக நிற்பது கண்டென்சர். இதில் ஒரு விஷயத்தை அன்பர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பொறி பிறப்பது மின்சாரம் ஓடுவதால் அல்ல, ஓடிக்கொண்டிருந்தது அறுவதால். அறாவிட்டால் பொறி இல்லை. என் கதை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. இயற்பியல் வாத்தியாரான எனக்கு அது நான்கு மாதம் புலப்படவில்லை.

நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் ஒவ்வொரு பிளக்கிலும் நொடிக்கு 100 பொறி. அதில் பத்துப் பதினைந்து தவறினால்கூட நம் தொடைக்குத் தெரிந்துவிடும். வண்டி விக்கும், இழுக்காது, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் 'படார்' என்று வெடிக்கும். பட்டறையில் இதற்கு ஒரே பெயர்: மிஸ்ஸிங்.

2010 நவம்பரில் வண்டியின் பெட்ரோல் டேங்குக்குப் புது பெயிண்ட் அடித்தேன். அடித்தவர் வேறு ஒருவர். டேங்கைக் கழற்றியதும் திரும்ப மாட்டியதும் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாட்டி முடித்துவிட்டு இலை போட்டுச் சாப்பிட்ட திருப்திகூட நினைவிருக்கிறது.

என் தங்கையை மூணாறில் கொடுத்திருந்தோம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் எல்லை தாண்டி, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார், மறையூர் வழியாகப் போனால் மூணாறு. கேரளத்திலிருந்து கிளம்பி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி கேரளத்துக்குள் ஏறும் வழி. நம் பகுதிக்காரர்களுக்கு இது புதிதல்ல. இடுக்கியில் உறவு வைத்திருக்கும் சித்தூர் தாலுகாக் குடும்பங்கள் எத்தனையோ.

2011 ஜனவரியில் அந்த வழியில் போனபோதுதான் முதல் மிஸ்ஸிங். சின்னார் தாண்டி ஏற்றம் பிடித்ததும் வண்டி விக்க ஆரம்பித்தது. ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். மறுநாள் இறங்கும்போது ஒன்றுமே இல்லை. பட்டுப் போல ஓடியது. ஊர் வந்ததும் எங்கள் மேஸ்திரியிடம் விட்டேன். இருபது ஆண்டாக என் வண்டிக்கு அவர்தான் வைத்தியர். அவர் ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் அவருக்கும் ஒரு விக்கல் கிடைத்தது. டேங்கைக் கழற்றிவிட்டு, இரண்டு காயிலையும் தொட்டுப் பார்த்தார்.

"மாஷே, நீங்களே தொட்டுப் பாருங்க. வலது காயில் சுடுது, இடது பச்சத்தண்ணியாட்டம் இருக்கு."

உண்மைதான். வலது காயிலை மாற்றினார். டேங்கை மாட்டாமல், ஒரு பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தார். இரண்டு சிலிண்டரும் ஒரே சுதியில் பேசின. காசு கொடுத்தேன், நன்றி சொன்னேன்.

பிப்ரவரியில் மறுபடி மூணாறு, மறுபடி அதே சின்னார் ஏற்றம், அதே விக்கல். இங்கேதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். திரும்பி வந்து, பட்டறையில் நாலு பேர் நிற்கும்போது, "புதுக் காயில்னு சொல்லி எதையோ பழசை மாட்டிட்டீங்க போல" என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி பதில் பேசவில்லை. உள்ளே போய், காயிலுக்கு வாங்கிய பணத்தை எண்ணிக் கொண்டுவந்து சீட்டின் மேல் வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

பிறகு வெளியூரில் ஒரு பெரிய வொர்க்ஷாப்புக்குக் கொண்டு போனேன். அவர்கள் ஒரே நாளில் இரண்டு பிளக், பாயிண்ட், கண்டென்சர், பிளக் கேப் எல்லாவற்றையும் மாற்றினார்கள். டைமிங்கும் வைத்தார்கள். வண்டி நன்றாக ஓடியது. எதனால் நன்றாக ஆனது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாலு மருந்தை ஒன்றாகக் கொடுத்துக் காய்ச்சல் இறங்கினால் எந்த மருந்து கேட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதற்கிடையில் ஆசிரியர் ஓய்வறையில் என் விளக்கம் வேறு நடந்துகொண்டிருந்தது. மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர். காற்று குறையும்போது கார்புரேட்டர் அதே பெட்ரோலைத்தான் தருகிறது. ஆகவே கலவை கனத்துப்போய் மிஸ்ஸிங் வருகிறது. இயற்பியலாக இதில் தவறே இல்லை. கரும்பலகையில் படம்கூடப் போட்டேன். என் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் குறை.

ஏப்ரலில் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். நான் ஒரே தாய்மாமன். சீர்ப் பட்டும் கொலுசும் என் கையால் போய்ச் சேர வேண்டும். காலை ஏழரைக்கு முகூர்த்தம். வீட்டில் மனைவியும் மகனும் முதல் நாள் காலையிலேயே பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். "நீங்களும் பேசாம பஸ்ல வந்தா என்னங்க?" என்று அவள் கேட்டாள். பள்ளியில் பரீட்சைத்தாள் வேலை முடிய மத்தியானம் ஆகும் என்றேன். அது பாதி உண்மை. மீதி, வண்டியைச் சரி செய்துவிட்டேன் என்ற வீம்பு.

உடுமலையில் வழக்கம் போல டேங்க் நிரப்பினேன். ஊரில் ஓட்டும்போது ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று அடிப்பவன் நான். மாதச் சம்பளக்காரன் புத்தி. மலைப் பயணத்துக்கு மட்டும் கழுத்து வரை நிரப்புவேன். அமராவதி அணைக்குப் பிரியும் பாதை தாண்டும் வரை ஒன்றுமில்லை. சின்னார் செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் விக்க ஆரம்பித்தது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அத்தோடு ஒரு சிலிண்டர் அடியோடு படுத்துவிட்டது.

அந்த வழி தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னார் சரணாலயம் மழை மறைவுப் பகுதி, முள்காடு, சாலையின் குறுக்கே யானை நிற்பது சகஜம். மணி ஐந்து தாண்டியிருந்தது. நிறுத்தி இறங்கிப் பார்க்கும் இடமல்ல. ஒற்றைச் சிலிண்டரில், முதல் கியரும் இரண்டாம் கியருமாக, முதுகில் சீர்ப்பையோடு மறையூர் வரை உருட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவில் என்ன நிற்குமோ என்ற பயம்; அதைவிட, தாய்மாமன் இல்லாமல் மணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம்.

மறையூர் டீக்கடை வாசலில் நிறுத்தினேன். காந்தளூரிலிருந்து காய்கறி ஏற்றி வந்த ஜீப் ஒன்று நின்றிருந்தது. அதன் டிரைவர், முப்பது வயது இருக்கும், மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். சத்தத்தைக் கேட்டே வந்துவிட்டான். நான் என் கலவைக் கணக்கை அவனிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்படின்னா மூணாறு போகப் போக இன்னும் மோசமாகணுமே சார். மேல போனா சரியாயிடுதுன்னு நீங்களே சொல்றீங்க?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டு முறையும் சின்னாரில் தொடங்கி, தலையாறு, வாகுவரை தாண்டும்போது குறைந்து, மூணாறில் நின்றுபோயிருந்தது. நான் பார்த்ததுதான், கணக்குக்கு ஒத்து வராததால் கணக்கில் சேர்க்கவில்லை.

டீக்கடைக் குவளையிலிருந்து இரண்டு சைலன்சர் குழாய்களின் கழுத்திலும் தண்ணீரைத் தெளித்தான். இடது பக்கம் 'சுர்' என்று ஆவியானது. வலது பக்கம் வழிந்து இறங்கியது. "வலது படுத்திருக்கு. காத்து லேசானா ரெண்டு பக்கமும்தானே சார் லேசாகும்?" என்றான். இரட்டைச் சிலிண்டர் வண்டியில் உள்ள பெரிய வசதியே இதுதான். ஒன்று கெட்டால் பக்கத்திலேயே அச்சாக அதே மாதிரி இன்னொன்று நல்லபடியாக நிற்கிறது. எதில் சந்தேகமோ அதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்று. கோளாறு கூடவே நகர்ந்தால் அதுதான் குற்றவாளி. நகராவிட்டால் அது நிரபராதி. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. புதுச் சாமான் ஒன்றுகூட வாங்க வேண்டாம்.

இரண்டு பிளக்கையும் இடம் மாற்றினோம். வலது படுத்தேதான் இருந்தது. பிளக்குகள் பிழைத்தன. ஒரு எச்சரிக்கை: ஓடும் வண்டியில் பிளக் கேப்பைப் பிடுங்கி எந்தப் பக்கம் என்று பார்ப்பவர்கள் உண்டு. பொறி போக வழியில்லாமல் காயிலின் உள்ளேயே வெடித்து அதைக் கெடுத்துவிடும். பிளக்கைக் கேப்போடு சேர்த்து என்ஜின் மேல் எர்த்தில் படுக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து இடது பக்க மூடியைத் திறந்தால் பாயிண்ட். இந்த வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும் இரண்டு பாயிண்ட், ஒரே தட்டில். அவன் ஜீப்பிலிருந்து ஒரு சின்ன 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் கட்டியதைக் கொண்டுவந்தான். ஒரு முனை எர்த்தில், மறு முனை பாயிண்டின் ஒயர் சேரும் இடத்தில். சாவி போட்டு, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்த வேண்டும். பாயிண்ட் மூடினால் மின்சாரம் அதன் வழியே எர்த்துக்குப் போய்விடுவதால் பல்பு அணையும், திறந்தால் எரியும். இடது பாயிண்டில் பல்பு ஒழுங்காகக் கண் சிமிட்டியது. வலதில் எரியவே இல்லை.

"பாயிண்ட் ஒட்டிக்கிச்சா?" என்றேன். அவன் என் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டை வாங்கி, வலது பாயிண்டின் வாய்க்குள் நுழைத்தான். இப்போது அது மூடவே முடியாது. அப்போதும் பல்பு எரியவில்லை. ஆக, மின்சாரம் பாயிண்டுக்கு வரும் முன்பே வேறு எங்கோ எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது காயிலிலிருந்து வரவே இல்லை. காயிலைப் பார்க்க வேண்டும். காயில் டேங்குக்கு அடியில். சீட்டைத் திறந்து, டேங்கின் பின்பக்கத்தைப் பிடித்து இரண்டு விரல்கடை தூக்கினேன்.

பல்பு எரிந்தது.

கீழே விட்டேன், அணைந்தது. தூக்கினேன், எரிந்தது. மூன்று முறை செய்தேன். டீக்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

டார்ச் அடித்துப் பார்த்தால், பாயிண்டிலிருந்து வலது காயிலுக்குப் போகும் ஒயர் ஃப்ரேம் குழாயின் மேல் கிடந்தது. டேங்கின் அடி விளிம்பு அதை நசுக்கி, மேல்தோல் உரிந்து, செம்பு பளபளத்தது. டேங்கின் பின்பக்கம் உட்கார வேண்டிய ரப்பர் மெத்தை அங்கே இல்லை. நவம்பர் ஞாயிற்றுக்கிழமை நான் மாட்டாமல் விட்டது அது. ஒயரைத் தூக்கிக் கட்டாமல் விட்டதும் நான்தான்.

எல்லாம் ஒவ்வொன்றாகக் கூடி வந்தது. பத்து லிட்டர் பெட்ரோல் ஏழு கிலோவுக்கு மேல் எடை. டேங்க் நிரம்பினால் அமுங்கி ஒயரைக் கடித்தது. மேலே போகப் போகப் பெட்ரோல் குறைந்து, பிடி விட்டது. ஊரில் ஒரு லிட்டரும் இரண்டு லிட்டருமாக ஓட்டும்போது பெரும்பாலும் கடிக்கவே இல்லை. ஒயர் எர்த் ஆகிவிட்டால் காயிலில் ஓடும் மின்சாரம் அறுவதே இல்லை. பொறி இல்லை, ஆனால் ஓயாமல் ஓடும் மின்சாரத்தால் காயில் சுடும். மேஸ்திரி தொட்டுக் காட்டிய சூடு அதுதான். நோயின் விளைவை இருவரும் நோய் என்று எடுத்துக்கொண்டோம். காயில் மாற்ற அவர் டேங்கைக் கழற்றினார். கழற்றிய உடனே ஒயர் விடுபட்டது. பாட்டில் பெட்ரோலில் வண்டி அருமையாக ஓடியது. காயிலை மாற்றியதாகத்தான் நினைத்தோம். டேங்கை எடுத்ததை ஒரு மாற்றமாக யாரும் எண்ணவில்லை. பெரிய வொர்க்ஷாப்புக்கு நான் கொண்டு போனதும் ஒரு லிட்டர் பெட்ரோலோடு.

ஒயரில் டேப் சுற்றி, டீக்கடைப் பையன் கொடுத்த பழைய சைக்கிள் டியூபை நாலாக மடித்து டேங்குக்கு அடியில் வைத்தோம். அந்தத் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டான். "சீர் கொண்டு போறீங்க, கிளம்புங்க சார். லக்கம் அருவிகிட்ட மட்டும் பார்த்துப் போங்க, பனி இருக்கும்" என்றான். இரவு எட்டரைக்குத் தங்கை வீட்டு வாசலில் இறங்கினேன். மனைவி என் கைக் கரியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கோளாறு எல்லா வண்டிக்கும் வராது. ஆனால் மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்று குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம். நம் பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று மழையைப் படுக்கை வசமாக அடிக்கும். அப்போது மட்டும் வந்தால் பிளக் கேப்பையும் ஹை டென்ஷன் ஒயரையும் பாருங்கள். இருட்டில் வண்டியை ஓடவிட்டால், ஒயரில் எங்கே கசிகிறதோ அங்கே நீலப் பொறி தெரியும். ஹெட்லைட் போட்டால் வருகிறது என்றால் பேட்டரியும் சார்ஜும். நன்றாகச் சூடான பிறகுதான் வரும், ஆறினால் போகும் என்றால் அங்கே காயிலையோ கண்டென்சரையோ சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ.; ஃபீலர் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிளேடு வைத்து அளக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் படுத்து, பொறி நன்றாகவே இருந்தால், அந்தப் பக்கக் கார்புரேட்டருக்குப் போங்கள். குப்பை அடைத்த ஜெட்டும் மிஸ்ஸிங் மாதிரியேதான் பேசும். இப்போது பலர் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுகிறார்கள். தொல்லை குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதுவும் இதே டேங்குக்கு அடியில், இதே மாதிரி ஒரு ஒயரில்தான் ஓடும்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனேன். அன்றும் நாலு பேர் நின்றிருந்தார்கள். அது நல்லதாகப் போயிற்று. நடந்ததை அவர்கள் முன்னாலேயே சொல்லி, "தப்பு என் மேலதான் மேஸ்திரி, மன்னிச்சுக்குங்க" என்று பணத்தைச் சீட்டின் மேல் வைத்தேன். அவர் பணத்தைப் பார்க்கவில்லை. டேங்கின் பின்பக்கத்தைத் தூக்கி, சைக்கிள் டியூபை உருவி எடுத்தார்.

"நான் கழட்டினப்பவே ரப்பர் இல்லாததைப் பார்த்திருக்கணும் மாஷே. காயில் சுட்டுச்சு, கண்ணு அங்கேயே நின்னுபோச்சு."

உள்ளே தகர டப்பாவைத் துழாவி, எந்த வண்டியினுடையதோ ஒரு ரப்பர் மெத்தையைக் கொண்டுவந்து, கத்தியால் செதுக்கி வைத்தார். ஒயரை மாற்றி, மூன்று இடத்தில் ஃப்ரேமோடு கட்டினார். ரப்பருக்குக் காசு வாங்கவில்லை, காயிலுக்கு வாங்கிக்கொண்டார்.

அந்தக் காயில் இன்றும் வண்டியில் இருக்கிறது. கழற்றிய பழைய காயிலும் நல்லதுதான் என்று தெரிந்துவிட்டதால், துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதுவரை அது தேவைப்படவில்லை.